மார்கழியில் போட்ட நாற்று

மார்கழியில் விதை போடக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். குளிரில் முளைக்காது, முளைத்தாலும் உருப்படாது என்று காரணமும் சொல்வார்கள். புருஷனை இழந்தவள் எந்த மாதத்திலும் விதை போடக்கூடாது. அதற்கு யாரும் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. இருபது வயது நிரம்பும் முன்பே தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திருத்தணியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். செய்யக்கூடாதவை ஏற்கெனவே ஏராளம். அதோடு ஒரு மாதமும் சேர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்றுதான் மார்கழியில் விதை போட ஆரம்பித்தேன்.

நான் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த யுத்த காலம் அது. அரிசிக்குக் கால் கடுக்க நின்றோம். வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். அண்ணன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா, மண்ணைத் தொடமாட்டார். அண்ணி தொடுவாள், உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கிணற்றடிக்குப் பின்னால் சும்மா கிடந்த இடம் என் தலையில் விழுந்தது. அந்த வீட்டில் என் தலையில் விழுந்தவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

குளிரில் முளைக்காது என்பது முழுப்பொய்யும் இல்லை. அதனால் கத்தரி விதையை ஈரத்துணியில் முடிந்து எருக்குழிக்குள் புதைத்து வைப்பேன். மேலே பனி கொட்டினாலும் எருவுக்குள் கதகதப்பு இருக்கும். விதை வாய் பிளந்ததும் எடுத்து, மணலோடு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பழம்பானைகளில் தூவுவேன். மலையடிவாரத்துச் செம்மண்ணும் சலித்த எருவும் நிரப்பிய பானைகள். சாயங்காலம் வைக்கோலால் மூடி, காலை வெயில் ஏறிய பிறகு எடுத்துவிடுவேன். தண்ணீர் காலையில் மட்டும்தான். பொழுது சாய்ந்து ஊற்றினால் குளிருக்குத் தண்டு அழுகி நாற்று படுத்துவிடும். முதல் வருஷம் பாதிக்கு மேல் அப்படித்தான் போயிற்று.

தை பிறந்து ஊரார் விதையைத் தேடும்போது எங்கள் வீட்டில் கத்தரியும் மிளகாயும் விரல் உயரத்துக்கு நிற்கும். கே.ஜி.கண்டிகையிலிருந்துகூட நாற்று கேட்டு வருவார்கள். அண்ணி வாசலில் நின்று எடுத்துக் கொடுப்பாள்.

"உங்க கை ராசியான கைம்மா" என்பார்கள்.

"ஆங், எங்க அம்மாவுக்கும் இதே கைதான்" என்பாள் கூசாமல். நான் பின்கட்டில் பானை கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

அந்த வீட்டில் எனக்கு ஒட்டுதல் என்று இருந்தது அண்ணன் மகள் ஒருத்தியிடம்தான். நான் வந்தபோது பால்பல் விழாத குழந்தை. அவளைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தவள் நான். யுத்தம் முடிந்த கையோடு அவளுக்குப் பொதட்டூர்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. சொந்தத் தறிகள் உள்ள வீடு. தையில் முகூர்த்தம். அவள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அது போதும் என்றிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு பாலிகை தெளிப்பது எங்கள் வழக்கம். சுமங்கலிகள் கூடி மண்கிண்ணங்களில் நவதானியத்தைத் தூவி, பால் தெளித்து முளைக்க வைப்பார்கள். அது செழித்தால் குடும்பம் செழிக்கும். ராசியான கை என்று பேரெடுத்த அண்ணிதான் முதலில் தூவினாள். வெயில் எட்டாத சாமி அறையில் வைத்து, பக்தி மிகுந்து பாலை மொண்டு மொண்டு ஊற்றினாள். கிண்ணங்களின் அடியில் ஓட்டையும் கிடையாது. மூன்றாம் நாள் வீடெல்லாம் புளித்த வாடை. பயறு அழுகிக் கிடந்தது.

அண்ணி கிணற்றடிக்கு வந்தாள். "இன்னா பண்றதுன்னே தெரியல. சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா பொண்ணு ராசி சரியில்லன்னு சொல்லிடுவாங்க. நீதான் போட்டுக் குடுக்கணும். வெளிய தெரிய வேணாம்."

"பாலிகைக்கு என் கை ஆகுமா அண்ணி?"

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

"போட்டுத் தர்றேன். ஆனா தாலி கட்டும்போது நான் பாக்கணும். முன்னால வரமாட்டேன், தூண் மறைவுல நின்னுக்கறேன்."

"ஆங், பாத்துக்கலாம்" என்றாள். நான் நம்பினேன்.

தானியத்தை எருக்குழிச் சூட்டில் வாய் பிளக்க வைத்து, புதுக் கிண்ணங்களில் ஓட்டை போட்டுத் தூவினேன். வெயில் நகர நகரக் கிண்ணங்களையும் நகர்த்தினேன். என் தாலியே நிலைத்திருந்தால்கூட அவ்வளவு பயபக்தியோடு இருந்திருப்பேனா தெரியாது. கல்யாணத்துக்கு முதல்நாள் பசேலென்று அடர்ந்து நின்றது. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை நான் துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்துப் பக்கம் போனேன். அண்ணி வழியில் நின்றாள். "செனைமாடு இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. கொட்டாயில யாராச்சும் இருக்கணும்."

"அண்ணி, சொன்னீங்களே..."

"சம்பந்தியம்மா எதிர்லயே உக்காந்துகினு இருக்காங்க. நல்ல நாளும் அதுவுமா வம்பு பண்ணாதே."

பின்னால் அண்ணன் நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

கெட்டிமேளத்தை மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து கேட்டேன். மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அது மறுவாரம்தான் கன்று போட்டது.

பாலிகையைக் குளத்தில் கரைக்கப் பெண்கள் எடுத்துப்போனபோது வேலி இடுக்கில் பார்த்தேன். "எவ்ளோ அடர்த்தி பாரு! உங்க கை சாதாரணக் கையா?" என்றாள் சம்பந்தியம்மா. அண்ணி அடக்கமாகச் சிரித்தாள்.

புறப்படும் முன் அண்ணன் மகள் பின்பக்கம் வந்தாள், மாலையோடு. எனக்குக் கண் நிரம்பிவிட்டது. எனக்காக வந்தாள் என்று நினைத்தேன்.

"அத்தே, கொஞ்சம் கத்தரி நாத்து குடு. அங்க கொல்லையில வெக்கணும்."

வேரோடு மண் உதிராமல் எடுத்து, ஈர வாழைப்பட்டையில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தயங்கினாள். "தப்பா நெனச்சுக்காத அத்தே. அங்க யாராச்சும் கேட்டா அம்மா போட்ட நாத்துன்னு சொல்லிக்கறேன்."

"சொல்லிக்கோ" என்றேன். வேறென்ன சொல்வது? அண்ணி ஏமாற்றியதற்குத் திட்டித் தீர்க்க எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. இதற்கு ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. பேன் பார்த்த தலையில் பூவும் ஜடைவில்லையுமாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மார்கழியில் எருக்குழிப் பக்கமே நான் போகவில்லை. தையில் வழக்கம்போல வாசலில் நாற்றுக்கு ஆள் வந்துவிட்டது. அண்ணி கிணற்றடிக்கு ஓடி வந்தாள். பானைகள் எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன.

"இன்னாது இது? ஏன் போடல?"

"மார்கழியில விதை போடக்கூடாதாமே அண்ணி" என்றேன். "விதை மாடத்துல இருக்குது. உங்க கைதான் ராசியான கையாச்சே, நீங்களே போடுங்க."

வாசலில் இன்னொரு குரல் கூப்பிட்டது. அண்ணி போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.