கபிரியேலின் டக்கு டக்கு

கபிரியேலுக்குப் பாடத் தெரியும் என்பது கபிரியேலுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். மாத்தளையில் வேறு யாரைக் கேட்டாலும், "யாரு, டக்கு டக்கு கபிரியேலா? பேஸ் கிட்டார்ல மனுசன அடிச்சுக்க ஆளில்ல" என்பார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். பாடகனைப் பார்த்து நீ நன்றாகக் கைதட்டுகிறாய் என்று சொன்னால் எரியாதா?

பகலில் அவருக்கு ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் வேலை. பஸ்ஸில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாப் பட்டையை உரித்துக் காட்டி, ஏலக்காயை முகரக் கொடுத்து, முடி உதிராத எண்ணெயின் மகிமையை விளக்க வேண்டும். அவர்கள் தலையாட்டுவார்கள், படம் பிடிப்பார்கள், ஒன்றையும் வாங்காமல் பஸ் ஏறிவிடுவார்கள். அவருடைய குரலை யாரும் காதில் போட்டுக்கொள்ளாத பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. சனி ஞாயிறில் கல்யாண வீடுகளில் பேண்ட் வாசிப்பார். அங்கேயும் இதே கதிதான்.

குரல் மோசம் என்று சொல்லிவிட முடியாது. மோசமான குரலையாவது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவருடையது, மிச்சக் காசு இல்லை என்று பஸ் கண்டக்டர் சொல்வாரே, அந்த மாதிரிக் குரல். காதில் விழும், மனதில் நிற்காது.

கதை தொடங்கியது முப்பது வருஷத்துக்கு முன்னால், அந்தோனியார் கோயில் திருவிழாவில். அப்போது கபிரியேலின் பேண்டில் சாக்ஸபோன் வாசித்த ஜெஸ்டினின் மாமா குவைத்திலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். அமெரிக்கக் கறுப்பின வாத்தியக்காரர்கள் வாசித்த ஃபங்க் இசை, ஒரு பாட்டிலும் பாட்டுக்காரன் கிடையாது. பேஸ் கிட்டார் முன்னால் நின்று அதிகாரம் செய்யும். டிரம்ஸ் முதல் தட்டில் ஓங்கி ஒரு போடு போடும். கிட்டார் நடுவில் புகுந்து சக்கு சக்கென்று வெட்டும். எல்லாவற்றுக்கும் மேலே சாக்ஸபோன் சண்டைக்கு வந்த மச்சான் போலக் கத்தும். கேட்டவனின் இடுப்பு அவனைக் கேட்காமலே ஆடும். பையன்கள் கேசட் தேயும்வரை கேட்டார்கள். கபிரியேல் அதே பாணியில் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு, அதற்கு வரிகளும் எழுதினார். முன்னால் கொஞ்சம் வாத்தியம், பிறகு இவருடைய பாட்டு. திட்டம் அதுதான்.

வரிகள் இப்படிப் போகும்: "போற வழியில மழ வந்தா என் குடைக்குள்ள வா, குட கிழிஞ்சா ரெண்டு பேரும் நனையலாம் வா." பெரிய கவிதை ஒன்றுமில்லை. ஆனால் பொய்யில்லாமல் எழுதியது. கோயில் வாசலில் மெழுகுதிரி விற்ற சவரியம்மாவை நினைத்து எழுதியது.

திருவிழா அன்று மேடையில் வாத்தியம் அமர்க்களமாகப் போனது. பாட்டுக்கான நேரம் வந்ததும் கபிரியேல் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மைக் செத்துப்போயிருந்தது அவருக்குத் தெரியாது. சனத்துக்கும் தெரியாது. அவர்கள் டக்கு டக்கென்று ஓடிய பேஸுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், நிறுத்தவே விடவில்லை. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது மேடைக்கு முன்னாலேயே சவரியம்மா நின்றாள். மெழுகுதிரிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இவர் பக்கமே பார்த்து, கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷக் கடைசியில் பெண் கேட்டுப் போனபோது யோசிக்காமல் சம்மதமும் சொன்னாள்.

மைக் செத்த செய்தியை ஜெஸ்டின் பிறகுதான் சொன்னான். கபிரியேல் உடைந்து போயிருப்பார். ஆனால் சவரியம்மா நின்ற இடம் நினைவுக்கு வந்தது. மேடைக்கு அவ்வளவு கிட்ட நின்றவளுக்கு மைக் எதற்கு? உலகத்தில் ஒரே ஒரு காது தன் பாட்டைக் கேட்டிருக்கிறது, கேட்டுத்தான் கழுத்தை நீட்டியிருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டார். அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகம் இருப்பதாக ஆகிவிடுமே. வீட்டில் பாடிக் காட்டியதும் இல்லை. மேடைக்கென்று எழுதியதை அடுப்படியில் பாட அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மேடையோ இடம் கொடுக்க மறுத்தது. எந்தக் கல்யாணமானாலும், வாத்தியம் முடிந்து இவர் மைக்கை நெருங்கினால், "அண்ணே, பாட்டெல்லாம் வேணாம், அப்படியே அடிங்க!" என்று கூட்டம் கத்தும். சிங்களக் கல்யாணத்தில் அதையே சிங்களத்தில் கத்துவார்கள்.

மெட்டு மட்டும் ஊரைச் சுற்றியது. கேசட்டில் போனது, சிடியில் போனது, பிறகு போனில் போனது. கண்டி பஸ்ஸில் கேட்கலாம், ரியூஷன் வகுப்பு விளம்பரத்தில் கேட்கலாம். உள்ளூர்த் தேர்தலில் ஒரு கட்சி ஒலிபெருக்கியில் போட, மறுநாள் எதிர்க்கட்சியும் அதையே போட்டது. இரண்டு வேன்களும் மணிக்கூட்டுச் சந்தியில் எதிரெதிரே நின்றபோது யாருக்கு வோட்டுப் போடுவது என்று தெரியாமல் சனம் நடுவில் நின்று ஆடியது.

காரணம் பெரிய ரகசியமில்லை. இந்த ஊரில் வாயைத் திறந்து ஒரு வரி பாடினால் போதும், எந்த மொழி, எந்தச் சாமி, எந்தக் கட்சி என்று கணக்குப் பார்க்க ஆள் வந்துவிடும். தமிழில் பாடினால் ஒருவனுக்கு முகம் சுருங்கும், சிங்களத்தில் பாடினால் இன்னொருவனுக்கு. வார்த்தையே இல்லாவிட்டால் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது? வாய் திறக்காத மெட்டு எல்லோருக்கும் சொந்தக்காரன். ஃபங்க் வாத்தியம் இத்தனை வருஷம் நின்று பிடிப்பதன் சூட்சுமம் அதுதான். கபிரியேலுக்கும் இது புரிந்துதான் இருந்தது. புரிந்தால் மட்டும் ஆத்திரம் தணிந்துவிடுமா?

ஆத்திரத்தின் உச்சம் ரொட்டி விற்கும் பாண்காரன் நுஹ்மானால் வந்தது. காலையிலும் மாலையிலும் த்ரீவீலில் பாணும் சீனி தூவிய பணிஸும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவன். மற்றப் பாண் வண்டிகளெல்லாம் ஒரே பழைய மணி மெட்டைப் போட்டுக்கொண்டு திரிய, இவன் டக்கு டக்கைப் போட்டான். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு வருஷத்துக்குள் அந்தப் பேஸ் காதில் விழுந்தாலே பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

கபிரியேல் வண்டியை மறித்தார். "நுஹ்மான், யாரக் கேட்டு என் பாட்டப் போட்ட?"

"பாட்டா? இதுல எங்க அண்ணே பாட்டு இருக்கு? மியூசிக் மட்டுந்தானே" என்றான் நுஹ்மான், உண்மையாகவே புரியாமல். "மாலு பாண் சூடா இருக்கு, எடுங்க."

கபிரியேல் எடுத்துக்கொண்டார். உள்ளே மீன் வைத்த பாண், சூடாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நுஹ்மான் அவருக்கு வீட்டு மனிதன் மாதிரி ஆகிவிட்டான்.

இப்படி இருக்கும்போது மகள் ஷெரோமிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கலேவெலப் பக்கத்துச் சிங்களப் பையன், அவளோடு கண்டியில் வேலை செய்கிறவன். கபிரியேல் மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"கல்யாண ஹோல்ல நான் ஒரு பாட்டுப் பாடுவேன். முழுசா."

"டாடி, அவங்க ஆக்களுக்குத் தமிழ் வெளங்காது" என்றாள் ஷெரோமி.

"வெளங்குற ஆளுக்கு வெளங்கும்" என்றார் கபிரியேல். சவரியம்மா பலகாரத்துக்குச் சீனி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மனதில் இருந்தது இதுதான். அந்த ஒரு காதுக்கு அந்தப் பாட்டை இரண்டாம் தடவை பாட வேண்டும். இந்த முறை மைக்கோடு. ஸ்பைஸ் கார்டனின் கொக்கோ மரங்களுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு மாதம் பயிற்சி எடுத்தார். மைக்குக்குப் புது வயர் வாங்கினார். ஜெஸ்டினிடம், "நான் வாயத் தொறந்தா நீ சாக்ஸ கீழ வச்சிரணும்" என்று சத்தியம் வாங்கினார். டிரம்ஸ்காரன் எப்போதோ கனடா போய்விட்டான். தாளத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

கல்யாணப் பூசை காலையில் நல்லபடியாக முடிந்தது. ஹோலுக்கு வந்தார்கள். கேக் வெட்டினார்கள், இரண்டு மொழியிலும் பேச்சுப் பேசினார்கள். சாப்பாட்டைக் காணோம். கொண்டுவந்த வேன் வழியில் பல்லேபொலவுக்கு இந்தப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. கலேவெலக்காரர்கள் விடியுமுன் பஸ் ஏறியவர்கள். பகல் தாண்டி வெகுநேரமாகியும் விரல் நீளக் கேக்கைத் தவிர அவர்கள் வயிற்றில் எதுவும் விழவில்லை. சிரித்துச் சிரித்து எல்லோருடைய தாடையும் வலித்தது.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று கபிரியேலுக்குப் பட்டது. சனத்துக்கு வேறு வேலையில்லை, கேட்டுத்தானே ஆக வேண்டும்? மேடையேறினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார், நன்றாக வேலை செய்தது. மெஷினைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேஸை ஆரம்பித்தார்.

டக்கு டக்கு.

மாத்தளைக்காரர்கள் எழுந்தார்கள். யாரும் யோசித்து எழவில்லை. வருஷக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு எழுந்து பழகிய கால்கள் தாமாகவே எழுந்தன. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தால், முற்றத்தில் நுஹ்மானின் த்ரீவீல் உண்மையாகவே நின்றது. காலைச் சுற்றை முடித்த கையோடு, மிச்சப் பணிஸோடு, கோட்டு மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திருந்தான். அதற்குமேல் யார் நிற்பார்கள்? இவர்கள் எழுந்து ஓடுவதைப் பார்த்த கலேவெலக்காரர்கள் சாப்பாடு வந்துவிட்டதென்று பின்னாலேயே பாய்ந்தார்கள். நுஹ்மான் கோட்டைக் கழற்றி வண்டிமேல் எறிந்துவிட்டு, கதவைத் திறந்து பணிஸ் கொடுக்கத் தொடங்கினான். சத்தியம் செய்த ஜெஸ்டின் சொன்னபடியே சாக்ஸைக் கதிரையில் வைத்தான். வைத்துவிட்டு அவனும் போனான்.

கபிரியேல் முதல் வரியைப் பாடிக் கண்ணைத் திறந்தபோது கண்ணில் பட்டது வெள்ளைக் கவுணின் வால். ஷெரோமி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவளும் விடியற்காலையிலிருந்து பட்டினி. பாவம் பிள்ளை என்று நினைக்க முயன்றார், முடியவில்லை.

ஆனால் முன் வரிசையில் ஒரு ஆள் இருந்தது. சவரியம்மா. காலியான கதிரைகளுக்கு நடுவில், தனியாக, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கபிரியேல் மைக்கை இன்னும் நெருங்கினார். பார்த்தாயா, சவரி போகவில்லை! ஊர் உலகமெல்லாம் பணிஸுக்கு ஓடினாலும் அந்த ஒரு காது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அவளுக்காகவே பாடினார். ஒரு வரி விடாமல், குடை கிழிந்து இருவரும் நனைகிற கடைசி அடி வரைக்கும் பாடினார். அவர் வாழ்நாளில் அதைவிட நன்றாகப் பாடியதில்லை. கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்தது.

பேஸின் மேல் கையை வைத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்தச் செருப்பு கடிச்சு வச்சிருச்சுங்க, எந்திரிக்கவே முடியல" என்றாள் சவரியம்மா, குனிந்து குதிகாலைத் தடவியபடி. பிறகு நிமிர்ந்து, மனதார, "பாட்டு நல்லாருக்கு. ஷெரோமிக்காக எழுதுனீங்களா? எப்ப எழுதுனீங்க?" என்று கேட்டாள்.

கபிரியேல் கிட்டாரின் வாரைச் சரிசெய்தார்.

"போன மாசம்" என்றார்.

"அதானே, முன்ன கேட்ட மாதிரியே இல்லையேன்னு பாத்தேன்."

அதற்குள் சனம் திரும்பி வர ஆரம்பித்தது. ஷெரோமி உதட்டோரம் சீனி ஒட்டியிருக்க, பாதிப் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். "பாடிட்டீங்களா டாடி? சொரி. இனி டக்கு டக்க அடிங்க, எல்லாரும் ஆடப் போறாங்க!"

ஜெஸ்டின் வாயைத் துடைத்துக்கொண்டு சாக்ஸை எடுத்தான். கபிரியேல் அடித்தார். ஒரு வார்த்தை கூட ஒருவருக்கொருவர் பேசத் தெரியாத இரண்டு சம்பந்தி வீடும், பணிஸ் துணுக்குகள் சிதற, தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடியது. மாப்பிள்ளையின் அப்பா நுஹ்மானைத் தூக்கிச் சுற்றினார்.

சவரியம்மா செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். அன்று திருவிழாவில் நின்ற அதே மாதிரி, இவர் பக்கமே பார்த்து, கைதட்டிச் சிரித்தாள். இந்த முறை கபிரியேல் கண்ணை மூடவில்லை. அவள் பார்ப்பது தன் முகத்தை அல்ல, கம்பியில் ஓடும் விரல்களை என்பதை இப்போதுதான் கவனித்தார். அன்றும் அங்கேதான் பார்த்திருப்பாள். கபிரியேல் ஒரு தட்டும் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தார்.