பேக்ஸ்பேஸும் கஸ்தூரி அக்காவும்

போன வாரம் என் லேப்டாப் கொதிக்க ஆரம்பித்தது. மடியில் வைக்க முடியவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் இரண்டு நாள் வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கோ அதுதான் ஆபீஸ். சரி, நாமே பார்ப்போம் என்று திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தேன். உள்ளே விசிறி இறக்கைகளுக்கு நடுவே பஞ்சு. தூசி இல்லை, அசல் பஞ்சு. எங்கள் தெருக் கோடியில் ஒரு மில் இருக்கிறது. ராஜபாளையத்தில் பல தெருக்களின் கோடியிலும் ஏதாவது ஒரு மில் இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் அதை வழித்து எடுத்தபோது ஒரு வாசனை வந்தது பாருங்கள், சூடேறிய பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் கலந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த வாசனையை இவ்வளவு பக்கத்தில் முகர்ந்து.

என் முதல் வேலை இந்த ஊரில் ஒரு நூல் வியாபாரக் கம்பெனியில். அங்கே கம்ப்யூட்டர் அறையில் இதே வாசனைதான் அடிக்கும். அறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆபீஸின் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்தது. உள்ளே ஒரு சர்வர், இரண்டு நாற்காலி, ஒரு ஏ.சி. கம்பெனியிலேயே ஏ.சி. இருந்தது அந்த மூலையில் மட்டும்தான் என்பதால், சித்திரை மாதத்தில் ஆபீஸில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் மேல் திடீர் அக்கறை வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் முரளி. சர்வரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. புரோகிராம் எழுதுவது என் வேலை.

முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்த இடத்தில் அவனை வைத்திருந்தேன். அவன் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவில் எனக்கும் சேர்த்து இரண்டு தோசை வரும். சம்பளம் உயரவில்லையே என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால், "வா மாப்ள, ஒரு டீயப் போடுவோம், பொறவு அழுவலாம்" என்று இழுத்துக்கொண்டு போவான். என்னிடம் இரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது சாயங்கால டீ வரைக்கும்தான் தாங்கும். அப்புறம் அது அவனுடையதும் ஆகிவிடும்.

கம்பெனிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டெப்போ இருந்தது. சுற்று வட்டாரத்துத் தறிக்காரர்கள் வந்து நூல் மூட்டை எடுத்துப் போவார்கள். அங்கே எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பது தினம் ராஜபாளையத்துக்குத் தெரிய வேண்டும். அதுவரை ஒரு பையன் கையில் பஸ் ஏறி நோட்டு வந்துகொண்டிருந்தது. இனிமேல் டெலிபோன் லைன் வழியாக, அங்கே உட்கார்ந்துகொண்டே இங்கே இருக்கும் சர்வரில் நேராக அடிக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்றார் மேனேஜர். ரெடிமேடாகக் கிடைத்தவை எதுவும் டெப்போவில் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் ஏறவில்லை. "நீயே எழுதிரு, என்ன பெரிய கம்பசூத்திரம்" என்று சொல்லிவிட்டார்.

எழுதினேன். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் டெலிபோன் லைனில் மாட்டிய மோடம் நம்பரைச் சுழற்றிக் கீச்சிடும்; இந்தப் பக்கம் சர்வர் எடுக்கும். அங்கே தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் இங்கே வந்து விழ வேண்டும், இங்கிருந்து போகும் பதில் அங்கே தெரிய வேண்டும். சொல்லும்போது இவ்வளவுதான். செய்யும்போது மூன்று மாதம் ஆனது. முதன்முதலில் அங்கே அடித்த ஒரே ஓர் எழுத்துக்குப் பதில் இங்கே நாலு கேள்விக்குறி வந்து விழுந்ததைப் பார்த்து முரளி, "மாப்ள, அவிய ஒண்ணு கேட்டா இது நாலு கேக்குதுலே" என்று சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

டெப்போவில் அதை இயக்கப் போகிறவர் கஸ்தூரி அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மடவார் வளாகத்துப் பக்கம் வீடு, அம்மாவும் அவருமாக. டெப்போவில் பெயருக்குத்தான் கிளார்க். மூட்டை இறக்குவதிலிருந்து தறிக்காரர்களின் சண்டையைத் தீர்ப்பது வரை எல்லாம் அவர்தான். டெப்போ இன்சார்ஜ் ஓய்வு பெறப் போகிறார், அடுத்து அந்த நாற்காலி கஸ்தூரிக்குத்தான் என்று ஆபீஸில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் அதை நம்பித்தான் இருந்தார்.

இணைப்பை முடிக்க என்ன கட்டளை வைக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். 'போ' என்று வைக்கலாமா என்றேன்.

"ஏலே தம்பி, நல்லா இருக்கிற லைனப் பாத்து போன்னா சொல்லுவாக? வாரேன்னு வையி."

அப்படியே வைத்தேன். தினம் சாயங்காலம் கஸ்தூரி அக்கா ஆங்கில எழுத்தில் 'வாரேன்' என்று அடிப்பார், லைன் அறுந்துகொள்ளும். அந்த ஒரு கட்டளை மட்டும் கடைசிவரை எந்தத் தப்பும் இல்லாமல் வேலை செய்தது.

மற்றதில் தப்பு வந்தது. ஒருநாள் மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, செருப்போடு, உள்ளே வந்தார். டெப்போவுக்கு நாற்பதாம் நம்பர் நூல் ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து மூட்டை வேண்டும் என்று சர்வரில் பதிவாகியிருந்தது. "லாரியில அனுப்பவா, கூட்ஸ் வண்டி பிடிக்கவா?" என்று கேட்டார். கஸ்தூரி அக்கா கேட்டதோ பதினைந்து மூட்டை. முதலில் பன்னிரண்டு என்று அடித்து, அழித்து, பதினைந்து என்று அடித்திருக்கிறார். அவர் திரையில் பன்னிரண்டு அழிந்துவிட்டது. இங்கே அழியவில்லை. அவருடைய கீபோர்டின் பேக்ஸ்பேஸ் அனுப்பிய குறியும், எங்கள் சர்வர் அழிப்பதற்கு எதிர்பார்த்த குறியும் வேறு வேறு. அது புரிய எனக்குச் சில நாள் ஆனது.

புரிந்துகொள்ள ஒரே வழி, அவர் தட்டுவதை ஒன்று விடாமல் பதிந்துவைத்துப் பார்ப்பது. புரோகிராமில் அதற்கு நாலு வரி சேர்த்தேன். அழிப்பதற்காகத் தட்டினாலும் ஒரு குறி விழும். எது அழிந்தது என்றும் தெரியும். சாயங்காலம் அந்தப் பதிவு தானாக ராஜபாளையத்துக்கு வந்துவிடும். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

"எல்லாத்தையுமா பதியும்?" என்று போனில் கேட்டார்.

"ரெண்டு வாரம்தான் அக்கா. தப்பப் பிடிச்சதும் எடுத்துருவேன்."

"எடுத்ததும் சொல்லு."

பத்து நாளில் தப்பைப் பிடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பத்து நாளில் எனக்கு வேறொரு பழக்கம் தொற்றிக்கொண்டது. மேனேஜர் காலையில் சர்வர் வழியாக டெப்போவுக்கு ஒரு செய்தி அனுப்புவார், திட்டாமல் அனுப்பமாட்டார். கஸ்தூரி அக்கா பணிவாகப் பதில் போடுவார். பதிவைப் பார்த்தால்தான் தெரிந்தது, பணிவான பதிலுக்கு முன்னால் அவர் வேறொன்றை அடித்து, முழுசாக அடித்து முடித்து, அப்புறம் ஓர் எழுத்து விடாமல் அழித்திருக்கிறார். 'இருப்புக் கணக்கு இன்னும் வரவில்லை' என்று மேனேஜர் அனுப்பினால், 'நீரு வந்து இந்த மோடம் முன்னால செத்த நேரம் உக்காந்து பாரும், தெரியும்' என்று அடித்து, அழித்து, 'இதோ அனுப்புகிறேன்' என்று மட்டும் அனுப்புவார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. அவ்வளவு நறுக்கென்று எழுதுவார்.

பதிவை எடுத்துவிட மனசு வரவில்லை. அவர் கேட்டார், "எடுத்துட்டியா தம்பி?" என்று. "எடுத்துட்டேன் அக்கா" என்றேன். இன்னும் ஒரு வாரம் படித்துவிட்டு எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அந்த ஒரு வாரம் நாலு மாதம் நீண்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது வெட்கமே இல்லை, ஒரு தொடர்கதையை வாரப் பத்திரிகையில் படிக்கிற ஆவல்தான் இருந்தது.

நல்ல தொடர்கதையைத் தனியாகவா படிப்பது? முரளியிடம் காட்டினேன்.

அந்த நாளின் வரி எனக்கு மனப்பாடம். கஸ்தூரி அக்கா அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக இரண்டு நாள் லீவு கேட்டிருந்தார். மேனேஜர் முடியாது என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டிருந்தார். அதற்கு அவர் அடித்தது: 'மீசைக்கு மை அடிக்க எம்புட்டு நேரமிருக்கு இவருக்கு, என் லெட்டரப் படிக்க மட்டும் நேரமில்ல.' அழித்துவிட்டு, 'நன்றி' என்று அனுப்பியிருந்தார். நானும் முரளியும் கண்ணாடி அறைக்குள் சத்தம் வெளியே போகாமல் சிரித்தோம். மேனேஜர் அந்தப் பக்கமாக மீசையோடு நடந்து போனார், இன்னும் சிரித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை கஸ்தூரி அக்காவை ராஜபாளையம் வரச் சொல்லியிருந்தார்கள். இன்சார்ஜ் ஆக்கும் உத்தரவு என்று நினைத்து நல்ல புடவையில் வந்தார். என்னைப் பார்த்து கையை ஆட்டிவிட்டு மேனேஜர் மேஜை முன்னால் போய் நின்றார். மேனேஜர் ஒரு தாளை எடுத்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி அந்த வரியைப் படித்தார். மீசை, மை எல்லாம் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை.

"இத நான் அனுப்பலையே சார்" என்றார் அக்கா. "அழிச்சுட்டேனே."

"அழிச்சா இது எப்டிம்மா எங்கிட்ட இருக்கு?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்க வேண்டும். அது அவர் அனுப்பாத வரி, யாரும் படித்திருக்கக் கூடாத வரி, பதிந்தது நான், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. சர்வரில் ஏதோ அவசரம்போல கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானமே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அந்த வரியைப் பார்த்தது நானும் முரளியும்தான். அவனை டீக்கடையில் பிடித்தேன். "ஏன்டா குடுத்த? எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "மாப்ள, நான் என்ன திருடினேனா? காட்டுனது நீதான? எம் மச்சினன் ரெண்டு வருசமா சும்மா சுத்துதான். அவனுக்கு ஒரு வழி வேண்டாமா?"

அவன் மச்சினன் அந்த மாதமே டெப்போவுக்கு வந்துவிட்டான். நான் சொல்லிக்கொடுத்துத்தான் என் புரோகிராமை அவன் இயக்கினான். எனக்கு முரளி மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. அவன் வீட்டுத் தோசை சாப்பிட்ட நாட்களையெல்லாம் எண்ணி எண்ணிப் பார்த்தேன். என் கையால் கொடுத்ததை எடுத்து என் முதுகிலேயே குத்திவிட்டான் என்று பல வருஷம், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆறு மாதத்தில் நானும் அந்த வேலையை விட்டேன். அவனோடு அப்புறம் பேசவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போகவில்லை.

கஸ்தூரி அக்காவை அதன்பின் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் இருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில். தலை நரைத்திருந்தது. வத்திராயிருப்பில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருப்பதாகச் சொன்னார். அம்மா எப்படி இருக்கிறார் என்றேன். ஆபரேஷன் தள்ளிப்போய் ஒரு கண் போய்விட்டது, இப்போது அம்மாவும் இல்லை என்றார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அக்கா, அந்தத் தாளக் குடுத்தது நான் இல்ல. முரளி. எனக்கே அவன் துரோகம் பண்ணிட்டான்."

"தெரியும்" என்றார். "மச்சினன் வந்து உக்காந்த அன்னைக்கே தெரியும்."

"அப்போ எம்மேல கோவம் இல்லையே அக்கா?"

அவர் கையிலிருந்த பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "முரளி எனக்கு யாரு? அவன நான் ரெண்டு தடவ பாத்திருப்பேனா? அவன்ட்ட நான் எதையும் எதிர்பார்க்கல. எடுத்துட்டேன் அக்கான்னு எங்கிட்டச் சொன்னது நீதான?"

வத்திராயிருப்பு பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அந்த டெப்போ இருந்த கட்டடத்தில் இப்போது செல்போன் கடை. நூல் கம்பெனியும் கைமாறிவிட்டது, கண்ணாடி அறையை உடைத்துவிட்டார்கள். மோடம் எப்படிக் கீச்சிடும் என்று வாயால் செய்துகாட்டினால் என் மகன் சிரிக்கிறான். இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. முரளி மேல் எனக்கொரு கோபம் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். கதையை யாரிடம் சொன்னாலும் அவன் துரோகி, நான் ஏமாந்தவன். அந்தப் பஸ் போன பிறகு அந்தக் கோபத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், வருவதில்லை. அது இருந்தவரை நான் நல்லவனாக இருந்தேன்.