அப்பாவின் காருக்கு ஒரு சீட் கவர்

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பித்தது. தப்பித்தது என்ன, முன்பைவிட இரண்டு பங்கு ஆனது. விரல்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் கை அப்படியே மடங்கி இறுகிவிடும் என்று சொல்லி, பிசியோதெரபிக்கு வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா அதை இடது கையால் எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். “நானென்ன தொட்டில் கொழந்தையா? பந்து வெளையாடச் சொல்றா!”

கீழ்த்தளத்தில் பனியன் செக்கிங் செய்கிற பெண்கள் சிரித்துக்கொண்டே பந்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு திமிர் ஒரு மனிதருக்கு ஆகுமா? ஆனால் ராத்திரியில் அந்தக் கை போர்வைமேல் யாருடையதோ போலக் கிடக்கும். எடுத்து நேராக வைத்துவிட்டு வருவேன்.

அப்பா டாக்சி ஓட்டியவர். வெள்ளை அம்பாசிடர். அது கைவிட்டுப் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதே காரைப் பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கிற பொம்மைப் பெட்டி ஒன்றை இணையத்தில் பார்த்தேன். பந்துக்கு மசியாத விரல் இதற்காவது மசியாதா என்று வரவழைத்தேன்.

மசியவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு அதிகாரம் மட்டும் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் உப்புத்தாளில் தேய்த்தேன், பசை வைத்தேன், பெயின்ட் அடித்தேன். “இது பால்வெள்ளை கண்ணு. என்ற வண்டி ஏடு படிஞ்ச வெள்ளை” என்பார். மறுபடி கலக்குவேன். முருகா, கம்பெனியில் ஆர்டர் கொடுக்கிற பையர் படுத்துகிற பாடு போதாதென்று வீட்டிலும் ஒரு பையர்!

ஆனால் அந்த உருண்டை முகப்பு விளக்குகள் இரண்டையும் பொருத்திய மதியத்தைச் சொல்லியாக வேண்டும். அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தது சட்டென்று என்னைப் பார்த்தது. அடேயப்பா! எங்கள் தெருவையே அடைத்துக்கொண்டு நின்ற வண்டி என் உள்ளங்கையில் நின்றது. அப்பாகூடக் கட்டிலிலிருந்து எக்கிப் பார்த்தார்.

சீட்டுக்கு உறை போடாமல் அவர் வண்டியை எடுத்ததே கிடையாது. நான் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர், எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கட்டைவிரல் நீளப் பின்சீட்டை அளந்து, காகிதத்தில் பேட்டர்ன் போட்டு, மெரூன் நிறப் பனியன் துணியில் வெட்டி, கையால் தைத்து மாட்டினேன். தொளதொளவென்று தொங்கியது.

“ஏங்கண்ணு, இதென்ன பாவாடையாட்டம்?”

“தொவைச்சாச் சுருங்குமில்லீங்கப்பா, அதுக்குச் சேத்தி வெட்டிப்போட்டனுங்க.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பனியன் துணியைத் தொட்டால் சுருக்கத்துக்கு விட்டு வெட்டித்தான் என் கைக்குப் பழக்கம்.

“தொவைக்கறதா? என்ற காரை வாஷிங்குக்கு அனுப்பப் போறியா? கொண்டா இங்க!”

இடது கையால் சீட்டைப் பிடுங்கிப் பிடித்துக்கொண்டார். “எத்தன மிச்சம் பாரு. இங்க பாரு, இங்க!” என்று திட்டிக்கொண்டே தொங்கிய துணியைக் கிள்ளிப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

வலது கையால்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கின. ஆனால் துணியை விடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தெய்வத்தை நேரில் பார்த்தால்கூட அப்படிச் சிலிர்த்திருக்குமா தெரியாது. அவருக்கோ கண்ணெல்லாம் சீட்டின் மேல்தான். தன் விரல்களை அவர் கவனிக்கவே இல்லை. நான் மூச்சுக்கூட விடவில்லை. சொல்லிவிட்டால் அந்த நிமிடமே வீம்புக்குக் கையை மடக்கிக்கொள்வார், அவரை எனக்குத் தெரியாதா?

“சரீங்கப்பா, நாளைக்கு வேற வெட்டிக் கொண்டாறனுங்க.”

“அளவாப் பாத்து வெட்டு!”

மறுநாள் கம்பெனியில் மதிய இடைவேளையில் இன்னொரு உறை வெட்டினேன். முன்னதைவிட இன்னும் கொஞ்சம் தொளதொளவென்று.