கதையில் வராத அம்மா

பத்தாவது படிக்கும் என் மகள், வீட்டில் சொல்லாமல் விண்கலம் ஏறிப் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய விஞ்ஞான நாவலை நூலகத்திலிருந்து கொண்டுவந்தாள். நானும் படித்துவிட்டு, "தைரியமான பொண்ணுடி" என்றேன்.

மறுநாள் இருட்டிய பிறகும் மகள் பள்ளியிலிருந்து வரவில்லை. யாரிடமும் விசாரிக்கக் கூச்சப்பட்டு, சோழவந்தான் பேருந்து நிலையத்தில் பதறி நின்றேன். மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டாம் பாகம்.

"சொல்லிட்டுப் போனா என்னடி?"

"சொன்னா விட்ருப்பியாக்கும்? அவளை மட்டும் தைரியசாலின்னே."

நாவல் விறுவிறுப்பானதுதான். ஆனால் கிரகங்களைப் பக்கம் பக்கமாக வர்ணித்த ஆசிரியர், அந்தப் பெண்ணின் அம்மா அன்று பட்ட பாட்டை ஒரு வரிகூட எழுதவில்லை. படித்தபோது எனக்கும் அது தோன்றவில்லை. இப்போதெல்லாம் ஒரு கதையைப் பாராட்டினால், அதில் பிடிக்காததையும் சேர்த்தே மகளிடம் சொல்லிவிடுகிறேன்.