ஜெர்மானோவின் உறை பிரிக்காத அலாரங்கள்

அமெரிக்காவில், போர்ச்சுகீஸ்காரர்கள் நிறைந்த ஃபால் ரிவர் ஊரில் ஜெர்மானோ ஃபுர்த்தாடோவைப் போலத் தீக்குப் பயந்தவர் இன்னொருவர் இல்லை. அவரைப் போலக் கருகக் கருக வதக்கிய சோரிசோ தொத்திறைச்சியை விரும்பித் தின்றவரும் இல்லை. இரண்டும் ஒரே சமையலறையில்தான் நடந்தன. பக்கத்து வீட்டில் முப்பது வருடமாக அந்தப் புகையைச் சுவாசித்தவன் என்ற முறையில் நான் சாட்சி.

இரண்டு குடித்தனங்கள் கொண்ட மரவீடு அவருடையது. கீழே அவர். மேலே, பத்தொன்பது வருடமாக ஜுல்மீரா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறன்று, பூசை முடிந்த கையோடு, ஜெர்மானோ விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். நிலவறையிலிருந்து மேல்மாடி வரை எட்டுப் புகை அலாரங்கள். ஒவ்வொன்றையும் காம்பால் அமுக்குவார். ஒவ்வொன்றும் அலறும். தெரு நாய்கள் பதில் சொல்லும். எட்டு முடிந்ததும், போருக்குப் போய்வந்த முகத்தோடு வெளியே வந்து எனக்குக் கையசைப்பார்.

எழுபத்து மூன்றாவது வயதில் வீட்டை ஜுல்மீராவுக்கே விற்றுவிட்டு, கீழ்ப்பகுதியில் தானே வாடகைக்கு இருந்துகொள்வதாக முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கையெழுத்து. ஜுல்மீராவின் கடனுக்கு வங்கி ஒப்புக்கொண்டிருந்த வட்டி அன்று மாலையோடு காலாவதி. தவறினால் புதிய வட்டியில் ஜுல்மீரா அந்த வீட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பாக்கி ஒன்றே ஒன்றுதான்: வீடு கைமாறும் முன், தீயணைப்பு நிலையத்து ஆள் வந்து அலாரங்களைப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும்.

"எனக்கே பரீட்சையா? வர்ற ஆளுக்கு நான் பாடம் எடுப்பேன்!" என்றார் ஜெர்மானோ. அதற்காக டை கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தீயணைப்பு நிலையத்து லெப்டினென்ட் கெல்லஹர் வந்தார். விளக்குமாறு தயாராக நீட்டப்பட்டது. அவர் அதை வாங்கவில்லை. ஏணியில் ஏறி, முதல் அலாரத்தைக் கழற்றி, பின்பக்கத்தைப் படித்தார்.

"சார், இது செஞ்சு பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"அதெப்படி? போன கிறிஸ்துமஸுக்குத்தான் உறையே பிரிச்சேன்!"

"நீங்க எப்பப் பிரிச்சீங்கங்கறது கணக்கில்ல. செஞ்ச தேதியிலேர்ந்து பத்து வருஷம்தான் ஆயுசு."

"காது கிழியற மாதிரி கத்துதே!"

"கத்தும். ஆனா புகை வந்தா அதுக்குத் தெரியுமா? அதான் கேள்வி."

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், மூடப்போன ஒரு கடையில் ஜெர்மானோ இருபத்து நான்கு அலாரங்களை மொத்தமாக அள்ளி வந்திருந்தார். கம்பளியில் சுற்றி நிலவறையில் பத்திரப்படுத்தி, தேவைப்படும்போதெல்லாம் ஒன்று "புதுசாக" எடுத்து மாட்டினார். அலாரங்கள் கம்பளிக்குள்ளேயே கிழடாகிப் போயிருந்தன. ஊரிலேயே அதிகம் சோதிக்கப்பட்ட அலாரங்கள், ஊரிலேயே நம்ப முடியாத அலாரங்கள்.

"ரெண்டு மணிக்கு இந்தப் பக்கம் திரும்பி வருவேன்," என்றார் கெல்லஹர். "எட்டும் புதுசா இருந்தா கையெழுத்து. இல்லைன்னா திங்கக்கிழமை."

டையோடு என் காரில் பாய்ந்து ஏறினார் ஜெர்மானோ. "மிதிப்பா! என்ன தேர் இழுக்கறியா?" முதல் கடையில் மூன்று கிடைத்தன. இரண்டாவதில் அலமாரி காலி. மூன்றாவதில், "செவ்வாய்க்கிழமை வரும்" என்றார்கள். செவ்வாய்க்கிழமையையே திட்டிக்கொண்டு திரும்பினோம். மணி ஒன்று இருபது. கையில் மூன்று.

ஜுல்மீரா மாடிப்படியில் நின்றிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"உன் வீடே கையை விட்டுப் போகுது. இப்ப என்னம்மா கோவம்?"

எங்களை மேலே கூட்டிப்போய், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். எட்டு அலாரங்கள். இரண்டு மாதத்துக்கு முன் செய்தவை.

"கையெழுத்து ஆனதும் மாட்டலாம்னு வாங்கி வெச்சேன்."

"என்னோடதைக் கழட்டிட்டா?"

"...ஆமா. இது ஒண்ணு கத்தினா எல்லாம் சேந்து கத்தும்."

"இதைப் பதினோரு மணிக்கே சொல்றதுக்கென்ன?"

"டையெல்லாம் கட்டிட்டு நின்னீங்க. எப்படிச் சொல்ல?"

அவர் மனம் நோகக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தன் வீட்டையே பணயம் வைத்திருந்தாள். ஜெர்மானோ பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப ஏன் மரமா நிக்கற? ஏணியைக் கொண்டா!"

நான் திருகினேன், ஜுல்மீரா ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தாள், ஜெர்மானோ ஏணியைப் பிடித்தபடி எல்லோரையும் வைதார். நிலவறையில் எட்டாவதைத் திருகி முடித்தபோது வாசலில் வண்டி நின்ற சத்தம்.

கெல்லஹர் எட்டு அலாரங்களின் தேதிகளையும் படித்தார். பிறகு ஒன்றை அமுக்கினார். எட்டும் ஒரே குரலில் அலறின. நெருப்பு, நெருப்பு என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கத்தின.

"போர்ச்சுகீஸ்ல ஏன் சொல்ல மாட்டேங்குது?" என்றார் ஜெர்மானோ.

"ஆங்கிலத்துல சொன்னா ஓட மாட்டீங்களா சார்?" என்றபடி கெல்லஹர் கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்கு ஜுல்மீராவும் போட்டாள்.

அடுத்த மாத முதல் ஞாயிறு. ஜெர்மானோ மேலே போய்க் கதவைத் தட்டினார்.

"வீட்டுக்காரம்மா, அலாரம் பாக்கறது இனி உங்க கடமை. இந்தாங்க விளக்குமாறு."

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே வந்தாள். ஜெர்மானோவின் அடுப்பில் சோரிசோ பொரிந்துகொண்டிருந்தது. கூரையில் இருந்த அலாரத்துக்கு, குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று அழகாகப் போடப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"பொரிச்சு முடியற வரைக்கும்தான்மா."

"குடியிருக்கறவங்க அலாரத்துல கை வைக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷமா யாரு சொன்னது?"

"அப்ப நான் வீட்டுக்காரன்!"

காம்பின் நுனியால் தொப்பியைத் தட்டிவிட்டாள். அடுத்த நிமிடமே எட்டும் அலறின. புகையோடு புகையாக ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார் ஜெர்மானோ. கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பு.

"கேக்குதாப்பா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "நெஜப் புகை! கண்டுபிடிச்சிருச்சு!"