அம்மாவைத் தெரியாது என்றேன்

பிள்ளைகளே, உங்கள் பாட்டிக்கு, என் அம்மாவுக்கு, நான் செய்ததை எழுதுகிறேன். ரொட்டர்டாம் நகரத்துப் பெண்ணொருத்தி அப்புத்தளையைச் சுற்றிப் பார்க்க என் ஆட்டோவில் வந்தாள். வழியில் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களைத் தெரியுமா?" என்று, படமெடுக்க ஆட்டோவை நிறுத்தச் சொன்ன அந்தப் பெண் கேட்டாள்.

அம்மா இடுப்பில் கட்டியிருந்த கிழிந்த படங்குச் சாக்கைப் பார்த்து வெட்கப்பட்டு, "தெரியாது" என்று தலையாட்டினேன். அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"டிரைவர் ஐயா, வெள்ளைக்காரம்மாவுக்குச் சிரிக்கணுங்களா?" என்று கேட்டுவிட்டு, படத்துக்குச் சிரித்தாள்.

திரும்பும்போது, "உங்க ஊருக்கு வந்தா என்ன பார்க்கலாம்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"துறைமுகத்துல படகுல போகலாம், கோபுரத்துல ஏறலாம். ஆனா முதல்ல சந்தையில எங்கம்மாவோட மீன்கடை. செதில் கையோடயே உங்களைக் கட்டிப்பிடிப்பாங்க" என்றாள்.

 அவளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். வீட்டில் யாருமில்லை. அம்மா வேலை முடிந்து வருவதற்குள் அடுப்பை மூட்டி, அவள் குளிக்கச் சுடுதண்ணீர் வைத்தேன்.