வருசம் திரும்பாத வீட்டுக் கேக்

தேங்காய்ச் சிரட்டைக் கனலின் புகையும் வெனிலா எசன்ஸ் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் ஊர்த் திருவிழாவின் கடைசி நாள்தான் நினைவுக்கு வரும். எழுபதுகளின் பிற்பகுதியில் தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் எவர் வீட்டிலும் ஓவன் கிடையாது. பெரிய அலுமினியச் சட்டியில் கடற்கரை மணலைப் பரப்பி, மாவு ஊற்றிய தகர டப்பாவை அதற்குள் இறக்கி, மூடியின்மேலும் கனலை அள்ளிப் போட்டுக் கேக் சுடுவார்கள். அன்று காலையிலிருந்தே ஆண்கள் வள்ளங்களுக்குக் கொடி கட்டிக்கொண்டும், தேர்ச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டும், ஒருவரையொருவர் ஏசிக்கொண்டும் இருக்க, பெண்கள் வாசலில் உட்கார்ந்து முட்டை அடிக்கும் சத்தம் தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கும். மாலைப் பூசை முடிந்ததும் மாதா கோவில் முற்றத்தில் நீளப் பலகை போட்டு வீட்டுக்கு ஒரு தட்டு வைப்பதும், எல்லார் தட்டிலிருந்தும் எல்லாரும் எடுத்துத் தின்பதும் எங்கள் வழக்கம்.

துக்க வீட்டுக்கு மட்டும் அந்தப் பலகையில் இடமில்லை. 'வருசம் திரும்புற' வரைக்கும் அங்கே பலகாரம் சுடக்கூடாது, அடுத்த வீட்டார் கொடுப்பதை வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். எங்கள் அய்யா மஞ்சள்காமாலையில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்த அந்தத் திருவிழாவில்தான் எனக்குப் 'புதுநன்மை', அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். என்னோடு நன்மை வாங்கும் பிள்ளைகளின் வீட்டுத் தட்டெல்லாம் பலகையில் இருக்க, என் வீட்டுத் தட்டு மட்டும் இல்லாமல் போவதை அம்மாவால் பொறுக்க முடியவில்லை. விடிந்ததும் முட்டையை உடைத்துவிட்டாள்.

கேக்கை ஒளித்துச் சுட யாரால் முடியும்? வாசம் தெருவில் இறங்கியதுமே அய்யாவின் அக்கா, என் அத்தை, வந்து நின்றார். வருசம் திரும்பாமல் இதென்ன கூத்து, ஊர் காறித் துப்பாதா, தம்பி ஆத்துமாவுக்கு அடுக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செத்தது என் புருசன் மதினி, என் பிள்ளை இல்ல."

இந்தச் சண்டையில் மூடிமேல் கனல் கூடிப்போய்க் கேக்கின் மேல்பக்கம் கருகிவிட்டது. அம்மா சுரண்டக்கூட இல்லை. அப்படியே தட்டில் வைத்து, பூசை முடிந்ததும் வெள்ளை உடுப்பில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பலகையின் நட்டநடுவில் வைத்தாள். இரண்டு பக்கத்துத் தட்டுகளும் மெல்ல நகர்ந்துகொண்டன. கை நீட்டிய சின்னப் பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. அம்மா ஒரு துண்டு வெட்டித் தானே முதலில் தின்றாள், அடுத்ததை எனக்கு ஊட்டினாள், கடைசித் தட்டை எடுக்கும்வரை அங்கேயே நின்றாள். வேறு ஒருவரும் தொடவில்லை. மிச்சத்தை வீட்டில் நாங்கள் இருவருமே தின்று தீர்த்தோம். கருகல் கசந்தது, ஆனாலும் நல்ல கேக்.

சில வருடம் கழித்து மாமா, அத்தையின் கணவர், இறந்தார். அந்த வருடத் திருவிழா அன்று காலையில் அத்தை எங்கள் வாசலில் நின்று, மகள் பிள்ளைக்குப் புதுநன்மை என்று மட்டும் சொல்லி, கேக் சுடும் சட்டியைக் கேட்டார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, கேட்க ஆயிரம் இருந்தது. அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டு, மணலோடு சட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். அன்று மாலை அத்தை தட்டை வைத்தபோது அம்மாதான் முதல் துண்டை எடுத்தாள். அதைப் பார்த்து வேறு சிலரும் எடுத்தார்கள்.

இப்போது பேக்கரிப் பெட்டிகள் வந்துவிட்டன. பலகை இல்லை, மணல் சட்டி இல்லை, முட்டை அடிக்கும் சத்தமும் இல்லை. போனதையெல்லாம் நினைத்து உருகுகிறவர்கள் உருகட்டும், நானும் கொஞ்சம் உருகுகிறேன். ஆனால் வருசம் திரும்பாத வீட்டில் பலகாரம் சுடக்கூடாது என்ற பேச்சும் எங்கள் தெருவில் இப்போது இல்லை. மற்றதெல்லாம் தானாகப் போனது. இதை மட்டும் அம்மா போக வைத்தாள்.